ஃபசீஷியஸ்: பாராட்டாகப் பிறந்து கண்டனமாக மாறிய ஒரு சொல்

ஆங்கிலத்தில் இன்று ஒருவரை 'ஃபசீஷியஸ்' என்று சொன்னால் அது பாராட்டு ஆகாது. கருத்தூன்றிப் பேச வேண்டிய இடத்தில் விளையாட்டுக் காட்டுகிறார், கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொள்ளப் பார்க்கிறார் என்பதே அதன் பொருள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அச்சொல்லில் குறை எதுவும் ஒட்டியிருக்கவில்லை. நயம்படச் சிரிக்க வைப்பவருக்கு உரிய அடைமொழியாகவே அது வழங்கிற்று.

மூலம் இலத்தீன். 'ஃபகேட்டஸ்' என்பது பெயரடை. அதனோடு உறவுடைய 'ஃபகேட்டியே' என்பது நகைநயப் பேச்சுகளைக் குறிக்கும் பன்மைப் பெயர். இங்கே கவனிக்க வேண்டியது, ஃபகேட்டஸின் உள்ளீடு சிரிப்பு மட்டும் அன்று என்பதே. வர்ஜிலின் முல்லை நிலப் பாடல்களைப் பாராட்டும்போது கவிஞர் ஹொரேஸ் இச்சொல்லைக் கையாண்டார். அப்பாடல்களில் கேலிக்கு இடம் குறைவு. அதனால் கி.பி. முதல் நூற்றாண்டில் சொற்பொழிவுக் கலை எழுதிய குவின்டிலியன் இந்த வழக்கை எடுத்துக்காட்டி, ஃபகேட்டஸ் என்பது நகைப்புக்குரியதை மட்டும் சுட்டாது, செம்மையும் மெருகும் சேர்ந்த அழகையும் சுட்டும் என்று விளக்கினார்.

அவருக்கு முன்பே ரோமானியப் பேச்சாளர் சிசரோ நகைநயத்துக்கு இலக்கணமே வகுத்திருந்தார். கி.மு. 55-இல் எழுதிய 'பேச்சாளர் குறித்து' என்னும் உரையாடல் நூலில், பேச்சு முழுவதும் இழையோடும் நகைநயம் ஒரு வகை, சட்டென்று பாய்ந்து தைக்கும் சொல்வெட்டு மற்றொரு வகை என்று பிரித்தார். கி.மு. 44-இல் எழுதிய 'கடமைகள் குறித்து' நூலில் கேலியையே இரண்டாகப் பகுத்தார். முரட்டுத்தனமும் ஆபாசமும் கொண்டது ஒன்று. நகரத்துப் பண்பும் அறிவுக்கூர்மையும் கொண்டது இன்னொன்று; ஃபகேட்டஸ் இந்த இரண்டாவதற்கே உரியது. இப்பகுப்பை மனத்தில் இருத்திக்கொண்டால், பிற்காலத்தில் சொல் எந்த அளவு சரிந்தது என்பது விளங்கும்.

மறுமலர்ச்சிக் காலத்தில் இச்சொல்லைப் பரப்பியவர் போஜ்ஜோ பிராச்சியோலினி. போப்பாண்டவரின் செயலகத்தில் பணியாற்றிய இவர், அங்கே எழுத்தர்கள் கூடிப் பேசிய கதைகளை 1438-க்கும் 1452-க்கும் இடையே இலத்தீனில் தொகுத்தார். தொகுப்பின் பெயரே 'ஃபகேட்டியே'. அதில் 273 துணுக்குகள். பாதிரிமாரும் ஏமாந்த கணவர்களும் ஏராளம், பச்சையான சமாச்சாரங்களுக்கும் குறைவில்லை. சில கதைகளை வில்லியம் காக்ஸ்டன் 1484-இல் அச்சிட்ட ஈசாப்பு நூலில் ஆங்கிலமாக்கிச் சேர்த்தார். சிசரோ விலக்கிய கொச்சைக்கும் இப்போது அதே பெயர் கிடைத்துவிட்டது. எனினும் சிசரோவின் மரபு அறுந்துபோகவில்லை. 1528-இல் வெளிவந்த காஸ்டிலியோனேயின் 'அரசவையாளர்' நூலின் இரண்டாம் பகுதி அவையில் எப்படி நகைக்க வைப்பது என்று விரிவாக ஆராய்கிறது. தாமஸ் ஹோபி 1561-இல் அதை ஆங்கிலத்தில் தந்தார்.

17-ஆம் நூற்றாண்டில் இச்சொல்லைக் குறித்து ஆழமாக எண்ணியவர் ஐசக் பாரோ. இவர் கணித அறிஞர், மதகுரு. கேம்பிரிட்ஜில் தாம் வகித்த கணிதப் பேராசிரியர் பதவியை 1669-இல் நியூட்டனுக்கு விட்டுக்கொடுத்தவர். வீண்பேச்சையும் பரியாசத்தையும் பற்றிய அவரது பிரசங்கம் ஒரு பழைய சிக்கலிலிருந்து தொடங்குகிறது. நேரத்துக்கேற்ப நயமாகத் திரும்பும் பேச்சைக் கிரேக்கர் 'யூட்ரபெலியா' என்றனர். கோமாளித்தனத்துக்கும் சிடுமூஞ்சித்தனத்துக்கும் நடுவே நிற்கும் நற்குணம் அது என்றார் அரிஸ்டாட்டில். அதே சொல்லை விவிலியத்தில் எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபம் தகாத பேச்சுகளின் வரிசையில் வைத்தது. பாரோ இரண்டையும் இணக்கப்படுத்த முயன்றார்: இடம், ஆள், பொருள் அறிந்த நகைநயம் கூடும், தெய்வ விஷயத்திலும் பிறர் மனம் புண்படும் இடத்திலும் கூடாது. நகைநயம் எண்ணற்ற வடிவம் எடுப்பதால் அதை வரையறுப்பது அரிது என்பதையும் ஒத்துக்கொண்டார். இந்த விஷயத்தில் இவ்வளவு நேர்மையும் நுட்பமும் கொண்ட ஆங்கில எழுத்து அரிது.

1755-இல் சாமுவேல் ஜான்சனின் அகராதியும் உற்சாகம், மகிழ்ச்சி, சமத்காரம் என்னும் நல்ல பொருள்களையே தந்தது. சரிவு பிற்பாடு இரு வழிகளில் நிகழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டுப் புத்தக வியாபாரிகளின் பட்டியலில் 'ஃபகேட்டியே' என்ற தலைப்பு ஆபாச நூல்களுக்கு மறைபெயராயிற்று. பெயரடையோ வேறு திசையில் தேய்ந்தது. முன்பு அது கேட்பவர் அளித்த தீர்ப்பு. ஒருவர் பேச்சு நயமாக அமைந்துவிட்டது என்பதே அதன் சாரம். பின்னர் அது பேசுபவரின் நோக்கத்தைக் குறிக்கலாயிற்று: சிரிக்க வைக்க முயல்கிறார், அவ்வளவுதான். மெருகு உதிர்ந்து முயற்சி மட்டும் எஞ்சிய நிலையில் சொல் குற்றச்சாட்டாவதற்கு அதிகத் தூரம் இல்லை.

இக்கால ஆங்கில உரையாடலில், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட கேலிக்குப் பின் 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று சமாதானம் கூறவும் இச்சொல் பயன்படுகிறது. ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளும் அகரவரிசையிலேயே இதில் அமைந்திருப்பதால் சொல்விளையாட்டுப் பிரியர்களும் இதை மறக்கவிடவில்லை. தமிழில் பெயர்ப்பவர் நூலின் காலத்தைப் பார்த்துத்தான் சொல் தேர வேண்டும். 1660-களின் நண்பர் ஒருவர் ஃபசீஷியஸ் எனப்பட்டால் அவர் நயமாகப் பேசிச் சிரிக்க வைப்பவர். இன்றைய அதிகாரி ஒருவர் கீழ்ப்பணியாளரை அவ்வாறு சொன்னால், 'விளையாடுகிறாயா?' என்று கேட்கிறார்.