சத்தம் போடாத பெட்: மீன்தொட்டியின் ஆயிரம் வருஷக் கதை

(ஒலிப்பதிவின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு கேள்வி. "ஒரு பெட்ரூம் ஃபிளாட். நாய் வளர்க்கக் கூடாதுன்னு ஹவுஸ் ஓனர் அக்ரிமென்ட்லயே போட்டுட்டார். ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். சத்தம் போடாத, பெருசா மெனக்கெட வேண்டாத பெட் ஒண்ணு சொல்லுங்க." எந்த நண்பர்கள் குரூப்பில் இதைக் கேட்டாலும் பத்து நிமிஷத்துக்குள் ஒரு பதில் வந்துவிடும்: "மீன் வாங்கு பாஸ்."

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது? மீன் வளர்ப்பது சுலபம் என்று முதலில் நம்பியது யார்? அந்த நம்பிக்கையின் வரலாறுதான் இன்றைய கதை. கடைசியில் உங்கள் ஒரு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு ஒரு பதிலும் இருக்கு.

குளத்திலிருந்து தொட்டிக்கு

சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், சீனாவில் சோங் வம்சக் காலம். அங்கே சாப்பிடுவதற்காகப் பிடித்த கெண்டை வகை மீன் ஒன்று உண்டு. சாம்பல் நிறம், பார்க்க ஒன்றுமே இல்லை. எப்போதாவது அதில் ஒன்று செம்பொன் நிறத்தில் பிறக்கும். ஆற்றில் அப்படி ஒரு மீன் பிழைப்பது கஷ்டம், ஏன்னா கொக்குக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். பௌத்தர்கள் இந்த மீன்களைப் புண்ணியத்துக்காகக் கோயில் குளங்களில் விட்டார்கள். அங்கே எதிரி இல்லாததால் நிறம் நிலைத்தது. 12-ஆம் நூற்றாண்டில் ஹாங்சோவ் நகரில் பேரரசர் காவோசோங் இந்த மீன்களுக்காகவே அரண்மனையில் குளம் வைத்திருந்தார். நாம் 'கோல்டு ஃபிஷ்' என்று சொல்லும் தங்கமீன் இப்படித்தான் வந்தது.

பெரிய மாற்றம் மிங் வம்சக் காலத்தில் நடந்தது. குளத்தில் இருந்த மீன் வீட்டு முற்றத்து மண் தொட்டிக்கு வந்தது. குளம் வெட்ட இடமில்லாதவரும் இப்போ மீன் வளர்க்கலாம். 1596-ல் ஜாங் சியான்டே என்பவர் தங்கமீனைப் பற்றி ஒரு சின்ன நூலே எழுதினார். எந்த மீன் அழகு, அதை எப்படி வளர்ப்பது என்று ரெண்டு விஷயமும் அதில் இருக்கு.

தொட்டிக்கு வந்ததும் மீனின் உடம்பே மாறியது. இரட்டை வால், முட்டை மாதிரி உருண்ட வயிறு, பிதுங்கிய கண். ஆற்றில் இந்த உடம்போடு ஒரு நாள் தாங்காது. தொட்டியில் மனுஷன் சாப்பாடு போட்டான், தண்ணீர் மாற்றினான், அதனால் தாங்கியது. சின்ன இடத்துக்கு ஏற்ற பெட்டை நாம் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, உருவாக்கினோம். உருவாக்கியதற்கான விலை, தினமும் ஒருத்தர் அதைப் பார்த்துக்கணும். கடைசி வரைக்கும் இந்தக் கணக்கு மாறவே இல்லை.

ஒன்பது அடிக்குப் பன்னிரண்டு அடி

அடுத்த ஸ்டாப் ஜப்பான். 18-ஆம் நூற்றாண்டு எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ. சுமார் பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊர். சாதாரண மக்களில் பெரும்பாலானவர்கள் இருந்தது 'நாகாயா' என்ற வரிசை வீடுகளில். அதில் ரொம்பச் சாதாரணமான ஒரு அளவு, சுமார் ஒன்பது அடிக்குப் பன்னிரண்டு அடி. மொத்தம் சுமார் 108 சதுர அடி, அடுப்பு வைக்கிற இடத்தையும் சேர்த்து. திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூமில் இருந்தவர்களுக்கு இந்த அளவு டக்கென்று புரியும். பக்கத்து வீட்டுக்கு நடுவில் மெல்லிய சுவர்தான். அவர் இருமினால் இங்கே கேட்கும்.

இந்த வீட்டுக்கு எந்தப் பிராணி பொருந்தும்? அவர்கள் ரெண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று, சின்னக் கூண்டில் பாடும் பூச்சி. இன்னொன்று தங்கமீன். கோடையில் தோளில் கம்பு போட்டு, ரெண்டு பக்கமும் மரத்தொட்டி தொங்க, மீன்காரர் தெருவில் கூவிக்கொண்டு போவார். பெரிய தொட்டிக்கு இடமில்லாதவர்கள் சின்னக் கண்ணாடிக் குடுவையில் மீனை விட்டுக் கூரை ஓரத்தில் தொங்கவிட்டார்கள்.

இவ்வளவு மீன் எங்கிருந்து வந்தது? ஒரு முக்கியமான ஊர் யமாதோ கோரியாமா. 1724-ல் யானகிசாவா குடும்பம் அந்தப் பகுதியை ஆள வந்தபோது தங்கமீனும் கூடவே வந்தது என்பது ஊர் வரலாறு. பின்னாளில் சம்பளம் பத்தாத சாமுராய்கள் பக்கத் தொழிலாக மீன் வளர்த்தார்கள். வாள் வைத்திருந்தவர்கள் ஈ.எம்.ஐ. கட்ட சைடு பிசினஸ் பார்த்த கதைதான் இது. இன்றைக்கும் அந்த ஊர் தங்கமீனுக்குப் பேர் போனது.

1748-ல் ஜப்பானில் தங்கமீன் வளர்ப்புக்கு ஒரு கையேடு அச்சாகி வந்தது. கையேடு தேவைப்பட்டிருக்கு என்றாலே, வாங்கினவர்களுக்கு அது சுலபமாக இருக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

"அப்படியே வாழும்" என்ற நம்பிக்கை

இதற்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டில், இந்த மாதிரி கிழக்கத்திய மீன்கள் கப்பலேறி ஐரோப்பா போய்விட்டன. லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் என்ற அரசு அதிகாரி, ரொம்பப் பிரபலமான டைரிக்காரர், 1665 மே மாதம் ஒரு வீட்டில் கண்ணாடிப் பாத்திரத்தில் வெளிநாட்டு மீன்களைப் பார்க்கிறார். அவை அந்தத் தண்ணீரிலேயே என்றென்றைக்கும் வாழும் என்று அசந்துபோய் டைரியில் எழுதி வைக்கிறார்.

நம்ம 'ஜீரோ மெயின்டனன்ஸ்' நம்பிக்கையின் ஒரு பழைய பதிவு இது. பெப்பீஸ் பார்த்தது ஒரு நாள் மட்டும். அடுத்த வாரம் அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று டைரியில் இல்லை.

அந்தத் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தவர் ராபர்ட் வாரிங்டன். லண்டன் வேதியியலாளர். 1849-ல் ஒரு தொட்டியில் ரெண்டு தங்கமீன், வாலிஸ்னேரியா என்ற நீர்த்தாவரம், அவ்வளவுதான் வைத்தார். செடி ஆக்சிஜன் தரும், மீன் அதைச் சுவாசிக்கும் என்பது திட்டம். ஆரம்பத்தில் நன்றாகப் போனது. கொஞ்ச நாளில் இலைகள் அழுகின, தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது. அவர் தொட்டியைத் தூக்கிப் போடவில்லை. குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். நத்தை அழுகிய இலையையும் பாசியையும் தின்றது, நத்தையின் முட்டைகளை மீன் தின்றது, தண்ணீர் தெளிந்தது. சரியான டீபக்கிங்! 1850-ல் இதை லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் வெளியிட்டார்.

அடுத்த சில வருஷத்தில் லண்டனுக்கு மீன்தொட்டிப் பைத்தியம் பிடித்தது. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சி சாலையில் மீன்களுக்குத் தனிக் கட்டடம் திறந்தார்கள். 1854-ல் ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் 'தி அக்வேரியம்' என்ற புத்தகம் எழுத, ஹாலில் ஒரு தொட்டி இருப்பது கௌரவமானது. கடற்கரைப் பாறைக் குட்டைகளில் இருந்த உயிர்களை ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குட்டைகள் எப்படி வெறிச்சோடிப் போயின என்று காஸின் மகன் எட்மண்ட், 1907-ல் வந்த தன் புத்தகத்தில் வருத்தத்தோடு எழுதினார்.

வாரிங்டன் கண்டுபிடித்ததை மக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் சோகம். 'சமநிலைத் தொட்டி' என்று பேர் வைத்து, செடியும் மீனும் வைத்துவிட்டால் தொட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் தினமும் தொட்டி முன்னால் உட்கார்ந்து கவனித்த பகுதி மட்டும் காணாமல் போச்சு.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

அந்தச் சமநிலையில் யாருக்கும் தெரியாத ஒரு ஆளும் இருந்தார். மீன் தன் கழிவை அம்மோனியாவாக, பெரும்பாலும் செவுள் வழியாக வெளியேற்றும். ஆற்றில் அது கரைந்து போயிடும். சின்னப் பாத்திரத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். நிறம் கிடையாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும்போதே மீன் செத்துப்போகலாம்.

1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற ரெண்டு பேர் சாக்கடை நீரை மணல் நிரப்பிய குழாய் வழியாக விட்டுப் பார்த்தார்கள். சுமார் மூணு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் கொடுத்ததும் அது நின்றுபோனது. அப்படியென்றால் மணலில் உயிருள்ள ஏதோ ஒன்று இந்த வேலையைச் செய்கிறது. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார்.

இன்றைக்கு ஃபில்டர் என்று நாம் வாங்குவது, முக்கியமாக, இந்த பாக்டீரியாக்களுக்கான வீடு. அந்த மூணு வாரக் காத்திருப்புதான் இன்றைக்கு மீன் வளர்ப்பவர்கள் 'சைக்கிளிங்' என்று சொல்வது. தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கினால், பாக்டீரியா குடியேறும் முன்பே மீன் குடியேறிவிடும். 'முதல் மீன் எப்பவும் செத்துடும்' என்று ஊரில் சொல்வார்களே, பல நேரம் காரணம் இதுதான். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கப்பில் இருக்கிற ஃபைட்டர்

நம்ம ஊருக்கு வருவோம். சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சின்னப் பிளாஸ்டிக் கப்பில் ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், ஃபைட்டர் மீன்.

இது தாய்லாந்தின் நெல்வயல், சதுப்பு நிலத்து மீன். அங்கே இதை வைத்துப் பந்தயம் கட்டுவது பழைய வழக்கம். 1849-ல் தியடோர் காண்டர் என்ற டேனிஷ் மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். 1910-ல் டேட் ரீகன் இப்போது இருக்கும் அறிவியல் பெயரை வைத்தார். அதற்கு முந்தின வருஷம், 1909-ல், மெரினாவில் மெட்ராஸ் மீன் காட்சியகம் திறந்தது.

ஃபைட்டருக்கு ஒரு விசேஷ உறுப்பு உண்டு. நீரின் மேல்மட்டத்துக்கு வந்து நேராகக் காற்றைச் சுவாசிக்கும். அதனால் ஆக்சிஜன் இல்லாத கப்பிலும் உடனே சாகாது. 'கப்பே அதற்குப் போதும்' என்ற நம்பிக்கை இங்கேதான் பிறந்தது. ஆனால் மூச்சு விட முடிவதால் அம்மோனியா குறையாது. சாகாமல் இருப்பதும் நன்றாக இருப்பதும் வேற வேற.

தங்கமீன் கதையும் இதேதான். 'மூணு செகண்ட் ஞாபகம், ரெண்டு மாசம் ஆயுசு' என்று கிண்டல் பண்ணுவோம். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற தங்கமீன் 1999 வரை வாழ்ந்தது. 43 வருஷம். உருண்டைக் கிண்ணத்தில் மீன் வைப்பதை ரோம் நகராட்சி 2005-ல் தடை செய்தது. பெப்பீஸ் அசந்துபோய் 340 வருஷம் கழித்து!

அலர்ட் அடிக்காத சிஸ்டம்

ஒரு ஒப்பீடு சொல்றேன். 1996 நவம்பரில் ஜப்பானில் பண்டாய் கம்பெனி தமகோச்சியை வெளியிட்டது. முட்டை வடிவ பொம்மை, உள்ளே ஒரு டிஜிட்டல் பிராணி. பசித்தால் பீப். அழுக்கானால் பீப். கவனிக்காவிட்டால் செத்துப்போகும். வகுப்பில் தொந்தரவு தாங்காமல் பள்ளிகளே தடை போட்டன.

யோசிச்சுப் பாருங்க. உயிரே இல்லாத பொம்மைக்குக் கத்தத் தெரிந்தது, அதனால் கவனம் கிடைத்தது. உயிருள்ள மீனுக்குக் கத்தத் தெரியாது. அதனால் அதற்குப் பெயர் 'லோ மெயின்டனன்ஸ்'.

நம்ம வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அலர்ட் வராத சர்வர் நன்றாக ஓடுகிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். மானிட்டரிங் இருக்கான்னு முதலில் கேட்போம். சத்தம் போடாத பிராணியைத் தேர்ந்தெடுக்கிறவர், அது சொல்லாமலே பார்க்கிற வேலையையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்.

சரி, எதைத்தான் வாங்குறது?

என் பதில்: ஒரு ஃபைட்டர். ஒன்றே ஒன்று. கப்பு வேண்டாம், 20 லிட்டர் தொட்டி, மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே ஒரு மூடி, ஏன்னா அது தாவும். 20 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ, ஸ்டாண்டு உறுதியாக இருக்கணும். முதல் மாசம் தொட்டியில் மீன் இல்லாமல், ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு ஃபில்டரை ஓடவிடுங்க. அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்க, அதுதான் உங்கள் டேஷ்போர்டு. அம்மோனியா ஏறி, பிறகு ஜீரோவுக்கு இறங்கி அங்கேயே நின்றால் மீன் வரலாம். அதன் பிறகு வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றணும், குளோரின் நீக்கிய தண்ணீரால். ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடும் ரூம் என்றால் ஹீட்டரும் தேவைப்படும். மொத்தம் வாரத்துக்கு அரை மணி நேரம், தினமும் ரெண்டு நிமிஷம் பார்வை.

தங்கமீன் வேண்டாம். அது பெரிதாக வளரும், நிறைய அழுக்கு பண்ணும், 20 லிட்டர் பத்தவே பத்தாது. 'சத்தம் போடாது' என்று யாராவது நட்சத்திர ஆமையோ, 'பழகிடும்' என்று பச்சைக்கிளியோ கொடுத்தால் வாங்காதீங்க. ரெண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, வீட்டில் வளர்ப்பது குற்றம். முடியவில்லை என்று மீனை ஏரியில் விடுவதும் கூடாது. கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ திருப்பிக் கொடுங்க.

அந்த அரை மணி நேரம் கூட முடியாது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு மணி பிளான்ட் வாங்குங்க. தண்ணீர் பத்தலைன்னா இலை வாடி, அதுவாவது சொல்லும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.