வாரம் இரண்டு சென்ட்

கல்லூரி முடித்துப் பதினைந்து வருடமாகிறது. ஏழை மாணவர் நிதிக்கு, "கொஞ்சம் காலூன்றியதும் பெரிய தொகையாகவே கொடுத்துடலாம்" என்று நாளைக் கடத்தி வந்தவன் நான். ஒரு பழைய வரலாறு என்னைத் தலைகுனிய வைத்தது.

1869 மார்ச் 23. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கடும் மழை. இந்தியப் பெண்களின் கல்விக்கும் வைத்தியத்துக்கும் உதவ, மெதடிஸ்ட் சபைப் பெண்களைக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். வந்தது எட்டே பேர்! ஆனாலும் கலையாமல் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஆராதனையில் வசூல் செய்யக் கூடாதென்று கட்டுப்பாடு வேறு. ஆகவே அங்கத்தினர் சந்தாதான் கதி: வாரம் இரண்டு சென்ட், கூடவே ஒரு ஜெபம். கணக்குப் போட்டேன், வருஷத்துக்கு ஒரு டாலர் சொச்சம்தான்!

சபைக்குச் சபை கிளைகள் கிளம்பின. அதே ஆண்டு இசபெல்லா தோபர்னையும் டாக்டர் கிளாரா ஸ்வெயினையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். 1870-ல் தோபர்ன் லக்னோவில் ஆறு சிறுமிகளோடு ஆரம்பித்த பள்ளி, இன்று அவர் பெயர் தாங்கிய கல்லூரி. ஸ்வெயினின் பெண்கள் மருத்துவமனை 1874-ல் பரேலியில் திறந்தது.

நண்பர்களே, இந்த மாதம் முதல் என் சந்தா வந்துவிடும். இன்னும் ஏழு பேர் கை கொடுங்களேன்!