பாண்டி கடல் பாலமும் கொஞ்சம் மணலும்

பாண்டிக்குப் போனேன்னு சொன்னாலே நமட்டுச் சிரிப்பு சிரிக்கிற நண்பர்கள் கவனத்துக்கு: நான் போனது பாலம் பார்க்க. சத்தியமா :-)

வம்பாகீரப்பாளையத்தில் கடலுக்குள் நீண்டு நின்ற பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச் மாசம் அலையில் இடிந்து விழுந்தது. சினிமாவில் எத்தனை தடவை பார்த்த பாலம்! மனசு கேக்காம மே மாசம் கிளம்பிப் போயிட்டேன். மீன்பிடித் தடைக்காலம். கரையில் ஒரு பெரியவர் வலையைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தார். "பாலத்த பாக்க வந்தீங்களா தம்பி? இது ரெண்டாவது. மொத பாலம் அங்க இருந்துச்சு"ன்னு வடக்கே காந்தி சிலைப் பக்கம் கையைக் காட்டினார்.

சரியாத்தான் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் 1860களில் கட்டிய இரும்புப் பாலம் அங்கேதான் இருந்தது. அதுக்கு முன்னாடி கப்பல் தூரத்தில் ஆழத்தில் நங்கூரம் போடும். துணி மூட்டையோ துரையோ, எதுவா இருந்தாலும் கரைக்கு வரணும்னா சலங்குதான் கதி. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு படிச்சவங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தை. ஆணி அடிக்காம, பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைச்ச படகு அது. ஆணி அடிச்ச படகு அலையடியில் தரை தட்டினா பிளந்துடும். தைச்சது நெளிஞ்சு கொடுக்கும். அலையை எண்ணி, சரியான நேரத்தில் தண்டு வலிக்கிற வித்தை நம்ம கடற்கரைக்காரங்க கையில் இருந்தது. கவர்னரா இருந்தாலும் அந்த நூறு இருநூறு கஜத்தைக் கடக்க அவங்க தயவு வேணும்!

பாலம் அந்தத் தயவைத்தான் தேவையில்லாம ஆக்கியது. அது அலையடியைத் தாண்டிப் போய் நின்றது. படகு அதன் நுனிக்கு வந்தால் போதும், சரக்கைப் பாலத்து மேலேயே ஏத்தி இறக்கலாம். ஊருக்கு லாபம்தான், மறுக்கலை. ஆனா நம்ம வரலாற்றுப் புத்தகங்களில் பாலம் கட்டினவன் பேர் இருக்கு, அலையைக் கடந்தவன் பேர் இல்லை.

1952 நவம்பர் புயலில் அந்த இரும்புப் பாலம் போச்சு. 1954ல் பிரெஞ்சு ஆட்சியும் போச்சு. அப்புறம் தெற்கே தள்ளி, குப்பத்தை ஒட்டி வந்ததுதான் இப்போ இடிஞ்ச கான்கிரீட் பாலம்.

"பாலம் போனதுல வருத்தமா?"ன்னு பெரியவரைக் கேட்டேன்.

"பாலம் எங்கள ஒண்ணும் பண்ணல தம்பி. காலுலதான நின்னுச்சு, மண்ணு அடியில போயிட்டு வந்துட்டு இருந்துச்சு. அந்தக் கல்லுதான்..." என்று அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரம் பக்கம் திரும்பினார்.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. இந்தக் கரையோரம் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். தூண்களில் நிற்கிற பாலம் அதை மறிக்காது. 1980களின் கடைசியில் புதிய துறைமுகத்துக்காக முகத்துவாரத்தில் போட்ட கல் தடுப்புகள் மறிச்சிருச்சு. தெற்கே மணல் குவிஞ்சது, வடக்கே நகரத்துக் கரை கரைஞ்சது. அரசாங்கம் பாறாங்கல்லைக் கொட்டி ஊரைக் காப்பாத்தினது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பத்துக்கும் அதே கல்தான். கல் மேல படகை எப்படி ஏத்துறது? வலையை எங்கே காயப் போடுறது? மாசி மகத்துக்கு மயிலம் முருகன் தீர்த்தவாரிக்கு வருவதும் அந்த வைத்திக்குப்பம் கரைக்குத்தான்.

2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு போட்டதில், அந்தப் பக்கம் மணல் திரும்பி வந்திருக்கு. சாயங்காலம் பார்த்தேன். டூரிஸ்ட் கூட்டம் நல்லா கால் நனைச்சிக்கிட்டு இருந்தது. நானும் நனைச்சேன்.

பெரியவரோட சம்பந்தி வீடு வைத்திக்குப்பமாம். "அங்க எப்ப மண்ணு வருதாம்? பேப்பர்ல ஏதாவது போட்டானா?"ன்னு கிளம்பும்போது கேட்டார்.

நான் பேப்பரில் பார்த்ததெல்லாம் பாலத்தோட படம்தான்.