வாங்கியவர் உட்காராத இருக்கை

2011 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் எடுக்கப்பட்ட ஒரு வீடியோ இருக்கிறது. கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் அன்றைய தலைவர் மார்ட்டின் விண்டர்கார்ன், போட்டியாளரான ஹூண்டாயின் அரங்குக்குள் நுழைகிறார். புதிய ஐ30 காரைச் சுற்றிச்சுற்றிப் பார்க்கிறார். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கின் உயரத்தை மாற்றும் நெம்புகோலை இழுக்கிறார். ஸ்டியரிங் இறங்குகிறது, சத்தமே இல்லை. முகம் மாறுகிறது. தன் வடிவமைப்புத் தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இங்கே எதுவும் கடகடக்கவில்லையே, பி.எம்.டபிள்யூவாலும் முடியவில்லை, நம்மாலும் முடியவில்லை, இவனால் மட்டும் எப்படி முடிகிறது என்று கேட்கிறார். நம்மிடமும் ஒரு வழி இருந்தது, செலவு அதிகம் என்று விட்டுவிட்டோம் என்று பக்கத்தில் நின்றவரிடமிருந்து பதில் வருகிறது.

ஒரு ‘க்ளக்’ சத்தத்துக்காக, உலகின் மிகப்பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றின் தலைவர் ஊர் பார்க்கக் கோபப்படுகிறார். முதல்முறை பார்த்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை என் மாமாவின் இடது கால் ஞாபகம் வந்தது.

மாமா முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். சங்ககிரிக்காரர். அவருடைய இடது கெண்டைக்காலில் முடி கிடையாது, தோல் கறுத்து வழவழப்பாக இருக்கும். சின்ன வயதில் அது என்னவென்று கேட்டிருக்கிறேன். “அது இஞ்சின் பக்கத்துக் காலு கண்ணு” என்றார். வலது கால் எப்படி இருக்கிறதோ, இடது கால் இப்படி இருக்கிறது. அவ்வளவுதான், அதில் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் ஒரு வரலாறு இருக்கிறது.

*

கார்க் கம்பெனிகள் உள்பக்கத்துக்காகச் சண்டை போட்டுக்கொள்வது புதிதல்ல. ஜெர்மனியின் ஆடி நிறுவனம் 1985-லேயே, காருக்குள் வரும் தோல், பிளாஸ்டிக், பசை எல்லாவற்றையும் மோந்து பார்த்துத் தேர்வு செய்ய ஒரு குழுவையே அமைத்தது. 1989-இல் டொயோட்டா லெக்சஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது, ஜெர்மன்காரர்களை மிரட்டிய விஷயங்களில் ஒன்று அந்தக் காருக்குள் இருந்த அமைதி. 2001-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த பாப் லட்ஸ், தன் கம்பெனிக் கார்களின் உள்பக்கம் மலிவாக இருப்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு அதைத் திருத்துவதை முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டார்.

அதே 2001 மாடல் ஆண்டில் ஃபோர்டு தன் எஃப்-150 பிக்கப்பில் ‘கிங் ராஞ்ச்’ என்று ஒரு வகையைக் கொண்டுவந்தது. டெக்சாஸின் புகழ்பெற்ற மாட்டுப் பண்ணை ஒன்றின் பெயர் அது. உள்ளே குதிரைச் சேணத்துக்குப் போடுகிற மாதிரியான தோல் இருக்கைகள். வைக்கோலும் சிமெண்ட் மூட்டையும் ஏற்றத் தொடங்கிய வண்டிக்குள் சேணத் தோல்! காரணம் லேசானது. அமெரிக்காவில் பிக்கப் வாங்குகிறவர் அதை அவரே ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை அதில்தான் சர்ச்சுக்கும் போகிறார். அவர் கை படுகிற இடமெல்லாம் கம்பெனிக்குப் பணம்.

ஆக, வண்டி காரா லாரியா என்பது பிரச்சினையில்லை. வாங்குகிறவரும் உட்காருகிறவரும் ஒரே ஆளா என்பதுதான் கேள்வி. இதை மனதில் வைத்துக்கொண்டு நம்மூர் லாரிக்கு வருவோம்.

*

இந்திய லாரி என்றால் நெடுங்காலம் இரண்டே பெயர்கள்தான். ஜாம்ஷெட்பூரில் டாடா, எண்ணூரில் அசோக் லேலண்ட். டாடா 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸோடு கைகோத்தது. ஆரம்பகால டாடா லாரிகளின் நெற்றியில் மெர்சிடீஸ் நட்சத்திரம் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1969-இல் ஒப்பந்தம் முடிந்தது, நட்சத்திரம் போய் ‘டி’ எழுத்து வந்தது. 1948-இல் தொடங்கப்பட்டு எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் பிரிட்டனின் லேலண்டைச் சேர்த்துக்கொண்டு அசோக் லேலண்ட் ஆனது.

டீக்கடைகளில் இந்த இரண்டுக்கும் நடந்த வாதம் கொஞ்சநஞ்சமல்ல. இழுவை, மைலேஜ், மலை ஏற்றம், ஸ்பேர் பார்ட்ஸ், மறுவிற்பனை விலை என்று எல்லாம் பேசுவார்கள். “லேலண்டுக்காரன் இஞ்சின் இருக்கே...” என்று ஒருவர் ஆரம்பித்தால் டாடாக்காரர் எழுந்து நிற்பார். ஆனால் எந்தக் கம்பெனி லாரியில் உட்கார நன்றாக இருக்கும் என்று மட்டும் யாரும் சண்டை போட்டு நான் கேட்டதில்லை. போடவும் வழியில்லை. ஏனென்றால் கம்பெனியிலிருந்து வந்த பெரும்பாலான வண்டிகளில் கேபினே கிடையாது.

சங்ககிரியில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். எண்ணூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ புது சேசிஸ்கள் வரிசையாக வரும். இஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், முன்னால் ஒரு தகடு. கண்ணாடி இல்லை, கதவு இல்லை, கூரை இல்லை. ஓட்டி வருகிறவர் தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக் கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். மழை வந்தால் நனைவார். எண்ணூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் அப்படியே காற்றில் உட்கார்ந்து வருவார். நாங்கள் கையசைப்போம். அவர்களை விண்வெளி வீரர்கள் என்று நான் நம்பியிருந்தேன்.

இப்படிக் கேபின் இல்லாமல் விற்பதற்கு ‘கவுல் சேசிஸ்’ என்று பெயர். கம்பெனியே கட்டிய கேபினோடும் லாரிகள் வந்தன. ஆனாலும் ஓனர்கள் கவுலைக் கேட்டு வாங்கினார்கள். விலை குறைவு. அடிபட்டால் எந்த ஊரிலும் ஒட்டிச் சரிசெய்யலாம். கம்பெனிக் கதவு ஒன்று நசுங்கினால் புதுக் கதவுக்கு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். மரக் கதவு என்றால் ஆசாரி சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவார். வண்டி ஒருநாள் நின்றால் ஒருநாள் வட்டி.

சூட்டுக்கும் இதே கணக்குத்தான் காரணம். பழைய லாரிகளுக்கு மூக்கு நீண்டிருக்கும், இஞ்சின் டிரைவருக்கு முன்னால் இருக்கும். வண்டியின் மொத்த நீளத்துக்குச் சட்டம் எல்லை வைத்திருக்கிறது. மூக்கை வெட்டினால் அந்த அடிகள் லோடு ஏற்றக் கிடைக்கும். அதனால் டிரைவரை முன்னால் தள்ளி இஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் ஒரு மூடிக்குக் கீழே இஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும். மாமா அந்த மூடிமேல் டீ கிளாஸை வைத்தால் ஆறவே ஆறாது. மூன்றடி லோடுக்கு மாமாவின் இடது கால் விலை.

*

பட்டறைக் கேபினைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கோடை விடுமுறையில் பட்டறைகளில் சுற்றித் திரிந்தவன் நான். முதலில் மரவேலை ஆசாரி சட்டம் அடிப்பார். பிறகு டிங்கர் தகடு போடுவார், பெயிண்டர் வருவார், கடைசியில் குஷன்காரர். ஆசாரி ஒரு காரியம் செய்வார், எந்தக் கம்பெனியும் அன்று செய்யாதது. டிரைவரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லுவார். “காலு எட்டுதுங்களா? சாமிப் படம் எங்க வெக்கறது? பின்னாடி படுக்கைக்கு எத்தனையடி வேணும்?”

ஒருநாள் ஒரே பட்டறையில் இரண்டு லாரிகள் நின்றன. ஒன்று சொந்த வண்டிக்காரருடையது, ஓனரும் அவரே டிரைவரும் அவரே. கூரைக்கு வெல்வெட், கண்ணாடிக்கு மேல் குஞ்சம், பின்னால் ஆறடிப் படுக்கை, இஞ்சின் மூடிக்குமேல் கனமான ஃபோமும் ரெக்சினும், கோவில் கருவறை மாதிரி ஒரு சாமி மாடம். அடுத்தது பத்துப் பதினைந்து வண்டி வைத்திருந்த முதலாளியுடையது. அதே ஆசாரி, அதே பட்டறை. உள்ளே பிளைவுட் பலகை, மெல்லிய சீட், மூடிக்கு ஒரு சாக்கு. “பில்லுக்கு ஏத்த வேலைங்க” என்றார் ஆசாரி. ஃபோர்டின் கிங் ராஞ்ச் பற்றிப் பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அதே பாடத்தைச் சங்ககிரியில் பார்த்தாயிற்று.

ஆனால் மோதினால் இரண்டு கேபினும் ஒன்றுதான். வெல்வெட் எந்த அடியையும் தாங்காது. சுவீடனில் 1960-களின் தொடக்கத்திலேயே லாரிக் கேபின்மீது பெரிய எடையை ஊசல்போல வீசி மோதவைத்து, உள்ளே ஆள் பிழைக்க இடமிருக்கிறதா என்று சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் மரச்சட்டக் கேபின் ஒன்று இன்னொரு லாரியின் பின்பக்கத்தில் மோதினால் என்ன மிச்சமிருக்கும் என்பதை நெடுஞ்சாலை ஓரத்தில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். விவரிக்க வேண்டாம்.

*

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1987-இல் அசோக் லேலண்டில் ஹிந்துஜாக்களோடு இத்தாலியின் இவெக்கோவும் பங்கெடுத்தது. அந்த வழியில் 1990-களில் வந்தது ‘கார்கோ’. ஐரோப்பாவில் 1982-இன் சிறந்த லாரி என்று விருது வாங்கிய ஃபோர்டு கார்கோவின் கேபின் அது. 1998-இல் வால்வோ பெங்களூருக்குப் பக்கத்து ஹோஸ்கோட்டேயில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. விலையைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர்கள் சிரிக்கவில்லை. பங்க்கில் ஒரு வால்வோ நின்றால் பக்கத்தில் போய் நின்று பார்ப்பார்கள். சீட்டுக்கு அடியில் காற்று அடைத்த பை இருப்பதை மாமா ஊருக்கு வந்து கதைபோலச் சொன்னார்.

டாடா 2004-இல் கொரியாவின் டேவூ லாரிப் பிரிவை வாங்கியது. 2009-இல் ‘பிரைமா’ வந்தது. 1969-இல் டாடாவைப் பிரிந்த டெய்ம்லர், 2012-இல் சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தில் ‘பாரத் பென்ஸ்’ என்ற பெயரோடு போட்டியாளராகத் திரும்பியது. அப்போதுதான் லாரி விளம்பரத்தில் முதன்முறையாகக் கேபினின் உள்பக்கம் படமாக வந்ததை நான் கவனித்தேன். டீக்கடை வாதத்தில் சீட்டும் ஸ்டியரிங்கும் ஏ.சி.யும் சேர்ந்தன.

ஆனாலும் ஏ.சி. எல்லோருக்கும் வரவில்லை. கேட்டால் கிடைக்கும், யார் கேட்பது? மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023-இல் இதை மேடையில் சொன்னார். 43 முதல் 47 டிகிரி வெயிலில் டிரைவர்கள் ஓட்டுகிறார்கள், தான் அமைச்சரானபோதே ஏ.சி. கேபினைக் கொண்டுவர நினைத்ததாகவும் செலவு கூடும் என்று சிலர் எதிர்த்ததாகவும் பேசினார். ஃபிராங்க்ஃபர்ட்டில் விண்டர்கார்ன் கேட்ட அதே பதில். நம்மிடம் வழி இருக்கிறது, செலவுதான். அங்கே அந்தப் பதிலைக் கேட்டுத் தலைவர் கோபப்பட்டார். இங்கே எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் சட்டம்தான் வந்தது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட புது லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்பது 2025-இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சமயத்தில் தெரிந்த லாரி ஓனர் ஒருவரோடு ஈரோட்டுக்குப் போனேன், அவருடைய காரில். “ஏ.சி. போட்டா டிரைவர் கண்ணசந்துருவான்ங்க. வேர்த்தாத்தான் முழிப்பு இருக்கும்” என்றார். காருக்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். சுட்டிக்காட்டியபோது சிரித்துவிட்டார், நல்ல மனிதர். பிறகு டியூ, டயர், டோல், இன்சூரன்ஸ் என்று விரல்விட்டு எண்ணினார். எந்த எண்ணும் பொய்யில்லை.

டிரைவர் தூங்குவது குளிரால் அல்ல, தூக்கமில்லாததால். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆகவேண்டும். அதனால் கேபினில் நல்ல படுக்கை என்பது அங்கே சட்டத்தின் நிழல். நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2025-இல் நீக்கப்படும்வரை, 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒருநாள் வேலையை 8 மணி நேரம் என்றது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்தவருக்கு அது பொருந்தவில்லை. ஒற்றை வண்டி, இரட்டை வண்டி ஓனர்களின் ஊர் எங்களுடையது.

*

போன கோடையில் மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பும் வழியில், சாப்பிட நிறுத்திய இடத்தில் ஒரு புது லாரி நின்றது. மாமாவுக்கு இடது காது கேட்காது. இஞ்சின் பக்கத்துக் காது. டிரைவர் சின்னப் பையன், கேட்டதும் ஏறச் சொன்னான். மாமா ஏறி உட்கார்ந்தார். சீட் மெல்ல இறங்கி அவர் எடையை வாங்கிக்கொண்டது. பையன் ஏ.சி.யைப் போட்டான். மாமா முதலில் தொட்டது ஸ்டியரிங்கை இல்லை. குனிந்து, இடது கையை இஞ்சின் பக்கத்துத் தரையில் வைத்துப் பார்த்தார். கொஞ்சநேரம் வைத்தபடியே இருந்தார்.

“சூடே இல்லியே தம்பி.”

“இல்லீங்ணா.”

“இதுக்கு ஓனரு ஒத்துக்கிட்டாரா?”

“அவரு எங்கீங்ணா ஒத்துக்கறது? இப்ப வண்டியே இப்படித்தான் வருது.”

மாமா இறங்கும்போது கதவை மெதுவாகச் சாத்தினார். எத்தனை படி லோடு என்று கேட்கவில்லை, மைலேஜ் கேட்கவில்லை. காரில் ஏறிய பிறகுதான் ஒன்று சொன்னார்: “சாமிப் படம் வெக்க மட்டும் எடமே இல்ல, பாத்தியா?”