தாத்தா வெள்ளி, அப்பா தங்கம், அண்ணன் தங்கம்... பேத்தி?

போன வாரம் ஆபீஸ்ல பில்ட் ஓடிக்கிட்டிருந்த நேரத்துல, தயான் சந்த் பத்திப் படிக்கலாம்னு உட்கார்ந்தேன். 1936 பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப்போட்டி. இந்தியா 8, ஜெர்மனி 1. நமக்கெல்லாம் மனப்பாடமான கதைதான். ஆனா அன்னிக்குத் தோத்த அணியில் யார் யார் இருந்தாங்கன்னு என்னிக்காவது பார்த்திருக்கோமா? அந்தப் பட்டியலில் எர்வின் கெல்லர்னு ஒருத்தர். அங்கே பிடிச்ச நூல் அவரோட பேத்தி நடாஷா கெல்லர் வரைக்கும் என்னை இழுத்துட்டுப் போயிடுச்சு (பில்ட் ஊத்திக்கிட்டதையே ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் பார்த்தேன்).

எர்வினின் மகன் கார்ஸ்டன், 1972 மியூனிக்கில் மேற்கு ஜெர்மனி அணியின் கேப்டன். இறுதிப்போட்டியில் பாகிஸ்தானை 1-0ன்னு சாய்ச்சாங்க. 1928லிருந்து 1968 வரை ஆண்கள் ஹாக்கித் தங்கம் இந்தியா, இல்லைன்னா பாகிஸ்தான். அந்தப் பூட்டை உடைச்சது இவங்கதான். கார்ஸ்டனின் மகன் ஆண்ட்ரியாஸுக்கு 1984, 1988ல் வெள்ளி, 1992 பார்சிலோனாவில் தங்கம்.

இப்படி ஒரு வீட்டில் 1977ல் பெர்லினில் பொறந்த பொண்ணு எந்த ஆட்டம் ஆடும்? ஹாக்கிதான். ஒண்ணு கவனிங்க, ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி வந்ததே 1980 மாஸ்கோவில்தான். அதுக்கும் மேற்கு ஜெர்மனி போகலை, புறக்கணிப்பு. ஆக தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் திறந்திருந்த கதவு, நடாஷா பொறந்தப்போ பெண்களுக்குத் திறக்கவே இல்லை.

நடாஷா முன்வரிசை ஆட்டக்காரி. கோல் போடுறதுதான் வேலை. 19 வயசில் 1996 அட்லாண்டா, ஜெர்மனிக்கு 6ஆவது இடம். 1999ல் சர்வதேச ஹாக்கி சம்மேளனம் உலகின் சிறந்த வீராங்கனைன்னு விருது கொடுத்தது, அப்போ வயசு 22. சரி, அடுத்த வருஷம் சிட்னியில் தங்கம்தான்னு நினைப்போம்ல? 7ஆவது இடம்! 'ரத்தத்திலேயே ஹாக்கி'ன்னு எழுதுறவங்க இந்த இடத்தை மட்டும் வேகமாத் தாண்டிடுறாங்க. உலகத்திலேயே சிறந்த ஆள், வீட்டு அலமாரி நிறைய ஒலிம்பிக் மெடல், ஒண்ணுகூடத் தன்னோடது இல்லை. அந்த நாலு வருஷம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பாங்கன்னு எனக்கு ஒரே யோசனை.

2004 ஏதென்ஸ். தகுதிச்சுற்று ஆடித்தான் உள்ளேயே வந்தாங்க. லீக் ஆட்டத்தில் நெதர்லாந்து 4-1ன்னு துவைச்சு எடுத்துச்சு. தட்டுத்தடுமாறி அரையிறுதி, எதிரே சீனா. கோலே விழலை. பெனால்டி ஸ்ட்ரோக்கில் 4-3ன்னு தப்பிச்சாங்க. ஆகஸ்ட் 26, இறுதிப்போட்டி, மறுபடியும் அதே நெதர்லாந்து. யார் ஜெயிப்பாங்கன்னு பந்தயம் கட்டியிருந்தா நான் கண்டிப்பா ஜெர்மனி மேல கட்டியிருக்க மாட்டேன். ஜெர்மனி 2, நெதர்லாந்து 1. ஜெர்மன் பெண்கள் ஹாக்கிக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். கெல்லர் வீட்டில் மூணாவது.

கதை இங்கே முடிஞ்சா சினிமா மாதிரி இருக்கும். முடியலை. 2008 பெய்ஜிங்: வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 1-3ன்னு தோத்து 4ஆவது இடம். மறுநாளே ஆண்கள் அணி ஸ்பெயினை 1-0ன்னு ஜெயிச்சுத் தங்கம் வாங்குது. அந்த அணியில் யார்? தம்பி ஃப்ளோரியன்! முந்தின நாள் தோத்த அக்காவா சந்தோஷப்படுறதா, அழுவுறதா, சொல்லுங்க.

2012 லண்டன் அவருக்கு 5ஆவது ஒலிம்பிக், வயசு 35. தொடக்க விழாவில் ஜெர்மனிக் கொடியைத் தூக்கிட்டு முன்னாடி நடந்தது நடாஷாதான். அணிக்கு மறுபடியும் 7ஆவது இடம், அதோட விடை வாங்கிட்டார். உள்ளரங்கு ஆட்டங்களையும் சேர்த்து நாட்டுக்காக 400க்கும் மேல ஆட்டம், 200க்கும் மேல கோல்.

தயான் சந்தை இன்னும் படிச்சு முடிக்கலை. அடுத்த பில்ட் ஓடுறப்போ பார்க்கணும்.