தீர்ந்த வழக்கும் வன்னி நிலமும்

ஒருமுறை தீர்ந்த வழக்கினை மீளக் கிளறலாகாது என்பது உரோமர் வகுத்த நீதிநெறி. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இதனைத் தன் 207 ஆம் பிரிவிலே அமைத்துள்ளது. கடைச் சொந்தக்காரரும் வாடகைக்கு இருப்பவரும் ஒரே பிணக்கினை ஆயுள் முழுதும் சுமவாதிருக்க இதுவே காப்பாகும்.

வன்னியில் இக்காப்பு முறிந்ததெவ்வாறு? விடுதலைப் புலிகள் 1993 இல் தமக்கெனத் தனி நீதிமன்றுகளை நிறுவினர். 1998 முதல் 2009 சனவரி 2 வரை கிளிநொச்சி அவர்கள் ஆட்சியிலிருந்தது. நிலம், கடன் முதலிய பிணக்குகள் அம்மன்றுகளிலே தீர்க்கப்பட்டன. ஆயின், நாட்டின் சட்டத்தால் நிறுவப்பெறாத மன்றின் தீர்ப்பு 207 ஆம் பிரிவின் காப்பைப் பெறாது. ஆதலின், அன்று தோற்றவர் மீண்டும் வழக்கிடலாம். நியாயமாக வென்றவரும் தம் உரிமையை மீண்டும் நாட்டவேண்டியவராயினர்.

இடம்பெயர்ந்தோர் நிலையோ வேறு. 1871 ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டப்படி, பத்தாண்டு தடையின்றி எதிருரிமையோடு ஆண்டவர்க்கு நிலம் உரித்தாகும். வாடகைக்கு இருப்பவர் வெறும் இருப்பினால் அவ்வுரித்தைப் பெறார். அத்துமீறிப் புகுந்தவரோ அதனைக் கோரலாம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை மன்றை அணுக இயலாதார்க்கு இக்கால எல்லையினின்றும் விலக்களிக்கவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் எழுந்தது.

வழக்கின் முடிவுக்கு மதிப்பளிப்பது காலமன்று. இரு திறத்தாரும் அச்சமின்றித் தம் வழக்கை எடுத்துரைக்க இடமளித்த மன்றேயாம்.