பாடிக் கட்டிய பள்ளி

ஒரு கல்விக்கூடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், நிலம் ஈந்தவர் பெயரையும், அடிக்கல் நாட்டியவர் பெயரையும், திறப்பு விழாவுக்கு வந்த பெருமக்களின் பெயர்களையும் முதற்கண் குறிப்பது வழக்கம். கல்வெட்டிலும் அப்பெயர்களே பொறிக்கப்படும். அங்குப் பயின்ற மாணவர்களோ, பயன் பெற்றவர்கள் என்ற அளவிலேயே பேசப்படுவர். ஆயினும், மாணவர்களே ஊர் ஊராய் அலைந்து, பனியிலும் பசியிலும் வாடி, தம் குரலையே மூலதனமாக்கித் தம் பள்ளியைக் காத்த வரலாறும் உலகில் உண்டு. அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரில் அமைந்துள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் வரலாறே அது. பள்ளி நடத்துவோரும் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவோரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது என்பது என் கருத்து.

கைவிலங்கு விற்று வாங்கிய ஏடு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைத் தளையினின்று விடுபட்டனர். தென் மாநிலங்கள் பலவற்றில் அதற்கு முன்னர் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது. எனவே, விடுதலை பெற்றதும் அம்மக்கள் உணவுக்கு அடுத்தபடியாகத் தேடியது கல்வியையே எனலாம்.

1866-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்க மிஷனரிச் சங்கத்தின் ஆதரவோடு நாஷ்வில்லில் ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. வடபுலப் படையினர் மருத்துவமனையாகப் பயன்படுத்திப் பின்னர் விட்டுச் சென்ற மரக் கொட்டகைகளே அதன் வகுப்பறைகள். விடுதலை பெற்றோர் நலத்துறையின் அதிகாரியாகவிருந்த தளபதி கிளின்டன் ஃபிஸ்க் என்பாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. சிறுவரும் முதியவரும் ஒருங்கே அமர்ந்து எழுத்துக் கற்றனர். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது, பழைய அடிமைச் சந்தைக் கொட்டடிகளில் துருப்பிடித்துக் கிடந்த கைவிலங்குகளையும் சங்கிலிகளையும் பொறுக்கி, பழைய இரும்பாக விற்று, அப்பணத்தில் எழுத்துப் பாட நூல்களை வாங்கினர். தந்தையைப் பிணித்த விலங்கே பிள்ளைக்குப் பாடநூலாயிற்று!

1867-இல் பல்கலைக்கழகமாகப் பதிவு செய்யப்பெற்றும் நிறுவனத்தின் வறுமை நீங்கவில்லை. 1871-இல் கொட்டகைகள் உளுத்துப்போயின, கடன் பெருகிற்று, மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அந்நாளில் பொருளாளராகவும் இசையாசிரியராகவும் பணியாற்றியவர் ஜார்ஜ் ஒயிட் என்னும் வெள்ளையர். ஒரு கொல்லரின் மகன். போரில் வடபுலப் படையில் பணிபுரிந்தவர். மாணவர்களின் குரல்வளத்தை உணர்ந்திருந்த அவர், அவர்களை அழைத்துக்கொண்டு வடமாநிலங்களுக்குச் சென்று, பாடிப் பொருள் திரட்டுவது என முடிவு செய்தார். மிஷனரிச் சங்கம் இம்முயற்சிக்குப் பணம் தர மறுத்தது. பெற்றோர் அஞ்சினர். ஒயிட் பின்வாங்கவில்லை. 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், ஒன்பது இளம் பாடகர்களோடு புகைவண்டி ஏறினார். அவ்விளைஞர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

அவர்களுள் மூவரைப் பற்றியேனும் நாம் அறிந்துகொள்வது நன்று. எல்லா ஷெப்பர்டு என்னும் நங்கையைத் தந்தை விலை கொடுத்து மீட்டார்; தாயோ அடிமையாகவே மிசிசிப்பிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சின்சினாட்டி நகரில் அந்நங்கைக்கு இசை கற்பித்த ஆசிரியர், இரவில் பின்வாசல் வழியாக வருதல் வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கற்பித்தார். ஃபிஸ்க் பள்ளிக்கு அவர் வந்தபோது கையிலிருந்தது 6 டாலர். இரண்டாமவர் பெஞ்சமின் ஹோம்ஸ். தையற்காரரிடம் வேலை பழகிய நாளில், கடைப் பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கற்றவர். அடிமைகளை அடைத்துவைத்த சிறையில் இருந்தபோது, லிங்கனின் விடுதலை அறிவிப்பை உடனிருந்தோருக்கு உரக்கப் படித்துக் காட்டியவர். மூன்றாமவர் தாமஸ் ரட்லிங். தாய் விற்கப்பட்டுப் பிரிந்து சென்ற காட்சியே அவருடைய நினைவில் பதிந்த முதற்காட்சி.

பனியில் ஒரு பயணம்

ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமாக வாழும் நமக்கு, ஓகையோ மாநிலத்துக் கூதிர்காலத்தை மனத்தில் இருத்திப் பார்ப்பது எளிதன்று. ஏரி மீது வரும் காற்று எலும்பைத் துளைக்கும். பெய்த பனி உருகிச் சேறாகி மீண்டும் உறையும். தென்புலத்திலிருந்து சென்ற அந்த இளைஞர்களிடம் தடித்த மேலாடைகளோ உறுதியான காலணிகளோ போதிய அளவில் இல்லை.

பயணம் தொடங்கிய சில நாட்களிலேயே சிகாகோ நகரில் பெருந்தீ மூண்டது. பாடகர்கள் தம் முதற் கட்டணக் கச்சேரியில் கிடைத்த ஏறத்தாழ 50 டாலரை அப்படியே தீயால் துயருற்றோருக்கு வழங்கிவிட்டனர். கையில் ஒன்றுமில்லாத பிள்ளைகள் கொடுத்த கொடை அது. அவ்வூரிலேயே, சில்லிகோதி என்னும் நகரில், அவர்களுக்கு நேர்ந்தது என்ன? இரு விடுதிகள் இடந்தர மறுத்தன. மூன்றாம் விடுதிக்காரர் தம் சொந்த அறையைக் கொடுத்தார். ஆனால், மற்ற விருந்தினர் உணவு மேசைக்கு வருமுன்னரே இவர்கள் உண்டு எழுந்துவிட வேண்டும் என்றார். கற்றவனை எந்த ஊரும் வரவேற்கும் என்று நாம் மாணவர்க்குச் சொல்லித் தருகிறோம். கல்விக்காகவே புறப்பட்ட அம்மாணவர்களுக்கு ஊர்கள் கதவைச் சாத்தின.

கச்சேரிக்கு வந்த கூட்டமும் சிறிது. உண்டியலில் விழுந்த காசும் சிறிது. பல இரவுகளில் மாணவர்கள் புகைவண்டி நிலையத்தில் நடுங்கிக் கொண்டிருக்க, ஒயிட் பனிச்சேற்றில் நடந்து விடுதி விடுதியாகச் சென்று இடம் கேட்டு அலைந்தார் என்று எல்லா ஷெப்பர்டு பிற்காலத்தில் எழுதியுள்ளார். மனந்தளர்ந்த நிலையில் கொலம்பஸ் நகரை அடைந்தனர். அங்கு ஓர் இரவு முழுதும் சிந்தித்த ஒயிட், மறுநாள் காலையில் குழுவுக்கு ‘யூபிலிப் பாடகர்கள்’ என்று பெயரிட்டார். ஐம்பதாம் ஆண்டில் அடிமைகளை விடுவிக்க வேண்டுமென எபிரேயர் மறைநூல் விதிக்கும் ஆண்டே யூபிலி ஆண்டு. பெயரிலேயே தம் வரலாற்றைச் சுமந்துகொண்டு அவர்கள் மேலே நடந்தனர்.

மறைத்து வைத்த பாட்டு

தொடக்கத்தில் அவர்கள் மேடையில் பாடியவை அக்கால வெள்ளையர் விரும்பிய பாடல்களே. தம் பெற்றோர் பருத்திக் காட்டிலும் இரவுக் கூட்டங்களிலும் பாடிய பாடல்களை அவர்கள் வெளியார் முன் பாடுவதில்லை. அவை அடிமை வாழ்வின் இருளோடு பிணைந்தவை, பெற்றோருக்குப் புனிதமானவை. மேலும், வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தாரைப் பழித்தாடும் கேலிக்கூத்து அந்நாளில் நாடெங்கும் நடந்துவந்தது. தம் தாயின் பாட்டும் அவ்வாறே நகைப்புக்கு ஆளாகுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்திருக்குமானால் அதில் வியப்பில்லை. ஆகவே, கதவை அடைத்துக்கொண்டு தமக்குள் மட்டுமே அவற்றைப் பாடினர்.

1871 நவம்பர்த் திங்களில் ஓபர்லின் நகரில் காங்கிரிகேஷனல் திருச்சபைகளின் தேசிய மாநாடு கூடியது. இடைவேளையில் பாட இவர்களுக்கு வாய்ப்புக் கிட்டியது. பேராளர்கள் தத்தமக்குள் பேசிக்கொண்டிருந்தனர். அவ்வேளையில், மூச்சுக் காற்றினும் மென்மையாக ஓர் அடிமைப் பாடல் எழுந்தது. ஒயிட் அவர்களைப் பயிற்றிய முறை அது: தனிக்குரல் ஒன்றும் துருத்தி நில்லாமல், எல்லாக் குரலும் ஒன்றாகக் கரைந்து, மிக மெல்லத் தொடங்க வேண்டும். பேச்சு அடங்கியது, மண்டபம் அமைதியுற்றது. அன்று கேட்டவர்கள் தத்தம் ஊர்களுக்கு அச்செய்தியைக் கொண்டு சென்றனர்.

டிசம்பரில் நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில், புகழ்பெற்ற சமயச் சொற்பொழிவாளர் ஹென்றி வார்டு பீச்சர் தம் ஆலயத்தில் அவர்களைப் பாடச் செய்தார். ‘பீச்சரின் நீக்ரோக் கூத்தர்’ என்று ஒரு நாளேடு எள்ளியது. ஆயினும், அழைப்புகள் குவிந்தன. அப்போதும் இழிவு முற்றாக நீங்கிற்றில்லை. நியூவார்க் நகரில், கரி பூசிய வெள்ளைக் கூத்தர் வருகிறார்கள் என்று எண்ணி இடம் ஒதுக்கிய ஒரு விடுதிக்காரர், வந்தவர்கள் உண்மையாகவே கறுப்பினத்தார் என்று கண்டதும் தெருவில் இறக்கிவிட்டார். போலிக்கு இடமுண்டு, உண்மைக்கு இடமில்லை!

1872 மார்ச்சில் குடியரசுத் தலைவர் கிராண்டின் முன்னிலையில் பாடினர். அவ்வாண்டிலேயே அப்பாடல்கள் இசைக்குறிப்போடு நூலாக அச்சேறின. முதற்பயணம் முடிந்தபோது, செலவு போக 20,000 டாலர் பள்ளிக்குச் சேர்ந்தது. கடன் தீர்ந்தது. போர்க்காலத்தில் கோட்டை இருந்த மேட்டு நிலம் புதிய வளாகத்துக்காக வாங்கப்பெற்றது. மறைத்து வைக்கப்பட்ட பாட்டே பள்ளிக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது.

கட்டடமும் அதன் விலையும்

1873-இல் குழு பிரிட்டனுக்குச் சென்று விக்டோரியா மகாராணியின் முன் பாடியது. பின்னர் ஆலந்துக்கும் செருமனிக்கும் சென்றது. 1878-ஆம் ஆண்டுக்குள் இவர்கள் திரட்டிய தொகை 1,50,000 டாலர் என்பர். இவ்வெற்றியை மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் நாம் வரலாற்றைப் பாதி சொன்னவர்களாவோம்.

ஒவ்வொரு கூதிர்காலமும் ஒரு விலை கேட்டது. ஒலிபெருக்கி தோன்றாத காலத்தில், பெரிய மண்டபங்களை நெஞ்சின் வலிவாலேயே நிறைக்க வேண்டியிருந்தது. இரவுக் கச்சேரி, விடியலில் புகைவண்டி, மறுநாள் வேறோர் ஊர். ஹோம்ஸ் காசநோயால் மாண்டார். ஒயிட்டின் மனைவி 1874-இல் ஸ்காட்லாந்தில் நச்சுக்காய்ச்சலால் இறந்தார். ஒயிட்டும் நுரையீரல் நோயால் நலிந்தார். பாடகியர் சிலர் மேடையேற இயலாதவாறு நோயுற்றனர். 1878-இல், செருமனியின் ஆம்பர்க் நகரில், களைப்புற்ற நிலையிலேயே குழு கலைந்தது. படிப்பை இடையில் விட்டுச் சென்ற முதற்குழுவினரில் பெரும்பாலோர் தாம் காத்த பள்ளியில் பட்டம் பெறவே இல்லை.

அவர்கள் ஈட்டிய பணத்தால் எழுந்த ‘யூபிலி மண்டபம்’ 1876-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்றது. அமெரிக்கத் தென்புலத்தில் கறுப்பின மக்களின் உயர்கல்விக்கென எழுந்த முதல் நிலையான கட்டடம் அது என்று போற்றப்படுகிறது. அன்றைய விழாவில் பெருமக்கள் உரையாற்றினர். பாடகர் குழுவோ அன்று அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், பிரிட்டனின் குளிரில், அடுத்த தொகையைத் திரட்டிக் கொண்டிருந்தது.

இக்கதையில் நம் போன்ற ஆசிரியர்கள் தயங்கி நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. பள்ளி வாழ்வதற்காகப் பிள்ளைகளை வருத்தலாமா? ஒயிட் செய்ததைக் குற்றம் என்று கூற எனக்கு மனம் வரவில்லை. அவர் போகாதிருந்தால் பள்ளி மூடப்பட்டிருக்கும். அவரும் பனியில் அவர்களோடு நடந்தார். ஆனால், ஓர் அரசும் சமுதாயமும் செய்ய வேண்டிய கடமையைப் பதினான்கு வயதுச் சிறுமி உட்பட மாணவர்களின் தொண்டையில் ஏற்றிவைத்த நாடு அதற்காக நாண வேண்டும் என்பதில் ஐயமில்லை. தியாகத்தைப் போற்றுவது நம் கடமை. தியாகம் தேவைப்படாத நிலையை உண்டாக்குவது அதனினும் பெரிய கடமை.

பள்ளியும் அவர்களை மறக்கவில்லை. எல்லா ஷெப்பர்டு தாயை மீட்டு அழைத்துவந்து நாஷ்வில்லில் தம்முடன் வைத்துக்கொண்டார். ஃபிஸ்க் யூபிலிப் பாடகர் குழு இன்றும் மாணவர்களைக் கொண்டே இயங்குகிறது. பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டு நிறைவையொட்டிய அக்குழுவின் இசைத்தொகுப்பு 2021-இல் கிராமி விருது பெற்றது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 6-ஆம் நாளை அப்பல்கலைக்கழகம் யூபிலி நாளாகக் கொண்டாடுகிறது. அன்று மாணவர்கள் நாஷ்வில்லில் உறங்கும் முதற்பாடகர்களின் கல்லறைகளுக்குச் சென்று, ஒருகாலத்தில் கதவை அடைத்துக்கொண்டு பாடப்பட்ட அப்பாடல்களைத் திறந்த வெளியில் பாடுகின்றனர்.